நின்றுபோன லாரியும் செல்லாத்தாளின் மருமகனும்

மயில்சாமி என்கிற பெயர் முதன்முதலில் செல்லாத்தாள் காதில் விழுந்தது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில். இலையில் ரசம் விழுகிற நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மருதாள் தோளை இடித்தாள்.

"நம்ம கலைமகளுக்குப் பாக்க ஒரு பையன் இருக்குதுங்க நங்கை. மயில்சாமின்னு பேரு."

"எந்த மயில்சாமி?" என்றாள் செல்லாத்தாள். அவள் சொந்தத்தில் மயில்சாமிகளுக்குப் பஞ்சமில்லை. அவிநாசியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மயில்சாமி அவள் பெரியம்மா பேரன். குண்டடத்தில் முருங்கை போட்டிருக்கிற மயில்சாமி, தங்கச்சி சம்பந்தியின் தம்பி. இன்னொருவர் தாராபுரத்துக்காரர், கிணற்றுத் தகராறில் அவள் வீட்டுக்காரரோடு பேச்சை விட்டவர். "அந்த ஊட்டுப் பையன்னா ஆகாது, இப்பவே சொல்லீட்டேன்."

"அவுங்க யாருமில்லீங்க. இது கட்டிங் மாஸ்டர் மயில்சாமி. நம்ம வேலம்பாளையத்துலயே பனியன் கம்பெனில வேலை. அடிச்சாக்கூட வாயத் தொறக்காத பையனுங்க."

"வாயத் தொறக்காதவன் நம்ம கலைக்குத் தாங்குவானா?"

அப்படிச் சொல்லிவிட்டு, பந்தி முடிவதற்குள் பையனின் அம்மா வழி, அப்பா வழி, கும்பிடுகிற கோயில் எல்லாவற்றையும் மருதாளிடமிருந்து கறந்துவிட்டாள். அடுத்த வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அன்று முதல் செல்லாத்தாள் மருமகனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பகை ஒன்றும் கிடையாது. மாமியார் மருமகன் எதிரில் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். மருமகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போகிற மாமியார்கள் அவள் தெருவிலேயே உண்டு. செல்லாத்தாளுக்கு அது வராது. மயில்சாமிக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. கலைமகள் வீட்டில் இல்லாத நேரம் செல்லாத்தாள் சோற்றுத் தட்டை வைத்து மூடுவாள், டம்ளரால் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவாள், உள்ளே போய்விடுவாள். சத்தம் கேட்டு அவர் சாப்பிட வருவார்.

இதில் ஒரு குறை மட்டும் அவள் மனசில் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் சாமியப்பன் தண்ணீர் லாரி ஓட்டியவர். வாதம் வந்து படுத்த கடைசி வருஷம் முழுக்க, கம்பெனி விட்டதும் மயில்சாமி நேராக அங்கேதான் வருவார். மாமனாரை இரண்டு கையிலும் தூக்கிக் குளிக்கிற கல்லில் உட்கார வைப்பார். ஒத்தைப் பெண்ணைப் பெற்ற மனுஷருக்கு மகன் இருந்தால் என்ன செய்வானோ அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார். சாமியப்பன் போன பிறகு, இதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று செல்லாத்தாள் தவித்தாள். கலைமகளிடம் சொல்லியனுப்பினால் கடையில் பருப்பு வாங்கச் சொல்லியனுப்புகிற மாதிரி இருக்கும். நேரே சொல்ல வழக்கம் விடவில்லை.

சாமியப்பனின் லாரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. அவர் படுப்பதற்கு முன்பே எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து, மோர் மாதிரி வெளுத்து, வண்டி கிளம்பாமல் போய்விட்டது. மேலே தார்ப்பாயைப் போர்த்தி அப்படியே விட்டிருந்தார்கள்.

போன வருஷம் ஆர்டர் இல்லாமல் மயில்சாமியின் கம்பெனியைப் பூட்டினார்கள். கலைமகளுக்கு வேறு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை இருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் செல்லாத்தாள் வீட்டுக்கே வந்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். ஐப்பசியில் மருதாள் பார்க்க வந்தாள். வந்தவள் வாய் சும்மா இருக்குமா?

"பரவால்லீங்க நங்கை, நிக்கிற லாரிக்குக் காவலுக்கு ஒரு ஆள் கெடச்சிருச்சு."

சிரிப்பதற்குத்தான் சொன்னாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மயில்சாமி நின்றது அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் தார்ப்பாய் தரையில் கிடந்தது.

கலைமகள் அடுப்படிக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். "அம்மா, அவரு பெங்களூர்ல அண்ணங்கிட்டப் பேசியிருக்கறாரு. அங்க கட்டிங்ல வேலை இருக்குதாமா. மாமியா ஊட்டுல சும்மா உக்காந்து திங்க மாட்டேங்கறாரு. தைப்பூசத்துக்குள்ள இந்த வண்டியக் கெளப்பீட்டா இங்கயே தண்ணி ஓட்டலாம். இல்லீன்னா பெங்களூருதான்."

"நீயுமா கண்ணு?"

"நாம் போகாம? தனியா உட்டா அவரு பன்னையே மூணு வேளையும் தின்னுட்டுக் கெடப்பாரு."

செல்லாத்தாள் அடுப்பைத் தணித்தாள். சாமியப்பன் போன வீட்டில் மகளும் போய்விட்டால் தட்டித் தட்டிக் கூப்பிட அங்கே யார் இருப்பார்கள்? அன்றிலிருந்து அந்த லாரிக்காக மயில்சாமியைவிட அதிகமாக முருகனை வேண்டியவள் அவள்தான்.

மயில்சாமிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பைக்கில் செயின் கழன்றாலே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர். செல்போனில் வீடியோ பார்த்தார். நல்ல வீடியோவெல்லாம் ஹிந்தியில் இருந்தது. கம்பெனியில் வேலை செய்கிற பீகார்ப் பெண்களோடு பேசிப் பழகிய கலைமகள் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள்.

"போல்ட்டையெல்லாம் கழட்டி வரிசையா வெக்கோணுமாமா."

"எந்த வரிசைல?"

"அதச் சொல்லல மாமா. அவன் முழிக்கறதப் பாத்தா அவனுக்கே தெரியாதாட்டம் இருக்குது."

வரிசை மயில்சாமிக்குத் தெரிந்த வேலைதான். கட்டிங்கில் ஒரே மடிப்பில் வெட்டிய முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றிலும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மாற்றித் தைத்தால் கலர் ஒத்துப்போகாது. அதே மாதிரி வால்வு, ராடு, போல்ட்டு எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்தார். எஞ்சினின் தலைமூடியைப் பக்கத்து லைன் வீட்டு வடக்கத்திப் பையன்கள் வந்து தூக்கி இறக்கினார்கள். அதற்குக் கீழே ஒழுகாமல் இருக்க வைத்திருந்த கேஸ்கட் தகடு ஒரு ஓரத்தில் எரிந்து ஓட்டையாகிக் கிடந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. நோய் தெரிந்ததும் மயில்சாமி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பைச் செல்லாத்தாள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

பகலில் கலைமகள் கம்பெனிக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பது மாமியாரும் மருமகனும் கருப்பி என்கிற வெள்ளாடும்தான். மயில்சாமிக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆட்டைப் பார்த்துச் சொல்லுவார்.

"கருப்பி, அத்தைகிட்டக் கொஞ்சம் துணி வேணும்னு சொல்லு."

செல்லாத்தாள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "கொண்டாந்து வெக்கறேன்னு சொல்லு கருப்பி."

கருப்பி இருவருக்கும் பொதுவாகத் தழையைத் தின்றுகொண்டிருக்கும்.

துடைக்கிற துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா? கலைமகள் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வந்தது. துணியைத் தூக்கிப் போட மனசு வராத செல்லாத்தாள், கிரீஸ் பட்டதைத் தினமும் சோடா உப்புப் போட்டு அலசிக் கொடியில் காயவைத்து மறுபடியும் கொடுத்தாள். மருமகனுக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒரு நாள் ரோட்டுப் புழுதி வாரிக்கொண்டு வந்தது. எஞ்சின் காற்றை இழுக்கிற குழாய் வாய் திறந்து கிடந்தது. மயில்சாமி ஆட்டிடம் துணி கேட்டார். செல்லாத்தாள் கைக்குக் கிடைத்த சிவப்புத் துணியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அதைச் சுருட்டி அந்த வாய்க்குள் திணித்ததை ஜன்னலில் பார்த்தாள். போதவில்லை போல, அதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணியையும் அடைத்தார்.

தை வந்தது. பச்சை வேட்டிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். மயில்சாமி புது கேஸ்கட் வைத்து, ஆயிலை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி முடித்து, பேட்டரி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து மாட்டினார். விபூதி வைத்துவிட்டுச் சாவியைத் திருகினார். எஞ்சின் முக்கியது. குப்பென்று கரும்புகையைக் கக்கியது. நின்றுவிட்டது. மறுபடி திருகினார், மறுபடியும் புகைதான். டீசல் வரவில்லையோ என்று பைப்பைக் கழற்றி மாட்டினார். அப்புறமும் கிளம்பவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று, "கொசு மருந்து அடிக்கற வண்டியாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயில்சாமி கையைக் கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போன் போட்டார்.

"அண்ணா... இல்லீங்ணா, கெளம்பல. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வந்தர்றோம்."

அடுப்படியில் இருந்த செல்லாத்தாளுக்கு அது காதில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். வெள்ளை, சாம்பல், நீலக்கோடு போட்டது. சிவப்பைக் காணோம். துவைக்கிற கல்லில் இல்லை. மூட்டையில் இல்லை. புழுதி அடித்த அன்றைக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவள் அதை அலசவே இல்லையே!

வாசலில் மயில்சாமி பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கப் போகிறார். கலைமகள் வர இருட்டிவிடும். கருப்பியும் அந்நேரம் மேயப் போயிருந்தது. செல்லாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை, நில்லுங்க."

ஸ்பேனர் மயில்சாமி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலித்ததைக்கூட அவர் காட்டவில்லை.

"அந்தச் செவப்புத் துணி எங்கீங்க?"

"எந்தத் துணீங்க அத்தை?"

"காத்தடிச்சன்னைக்குக் குடுத்தனுங்கல்ல. நீங்க அந்தக் கொழாய்க்குள்ள அடச்சீங்க. கொடியில இல்லீங்க. எங்கயும் இல்லீங்க."

"அத எடுத்துட்டனுங்களே. வெள்ளத் துணி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். "வெள்ளையத்தானுங்க எடுத்தேன்."

காற்றுக்குழாயின் கிளாம்பைக் கழற்றிக் கையை விட்டார். எட்டவில்லை. செல்லாத்தாள் ஓடிப்போய் அடுப்படி இடுக்கியைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். இழுத்தால், உள்ளே உறிஞ்சப்பட்டு இறுகிப்போன துணி, கரி அப்பிக்கொண்டு வந்தது. ஒரு மடிப்பில் மட்டும் சிவப்புத் தெரிந்தது. இத்தனை நேரமும் எஞ்சினுக்கு மூச்சுவிட வழியில்லாமல் இருந்திருக்கிறது.

"கட்டிங் மாஸ்டர் எஞ்சினுக்கே பனியன் போட்டு உட்டுட்டனுங்க அத்தை" என்றார் மயில்சாமி. செல்லாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பைப்பைக் கழற்றியதால் டீசலில் காற்று ஏறியிருந்தது. அதை வெளியே எடுக்க ஒருவர் சின்னப் பம்பைக் கையால் அமுக்க வேண்டும், ஒருவர் திருகாணியைப் பார்க்க வேண்டும். செல்லாத்தாள் முக்காலி மேல் ஏறிப் பம்பைப் பிடித்தாள். அமுக்கிக்கொண்டே பேசினாள். ஆரம்பித்த பேச்சை அவளால் நிறுத்த முடியவில்லை.

"அவரக் குளிப்பாட்டி உட்டீங்க. நாத்தம்னு ஒரு நாளும் மூஞ்சியத் திருப்புலீங்க. பெத்த மவன் செய்யறதச் செஞ்சீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க மாப்பிள்ளை. மனசுக்குள்ள தினமும் கும்புட்டுட்டுத்தான் இருந்தேன்."

"அதெல்லாம் எதுக்குங்க..."

"சொல்லோணுமுங்க. மருதா சொன்னதுக்கு நீங்க கெளம்பீராதீங்க. அவ வாய்க்கு லாரி என்ன, கப்பலே கவுந்துரும். வண்டி ஓடுனாலும் ஓடாட்டியும் இது உங்க ஊடு."

மயில்சாமி திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை நின்று டீசல் தெளிவாக வர ஆரம்பித்து அவர் விரலெல்லாம் வழிந்தது.

"போதுங்க அத்தை" என்றார் கடைசியில். தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்டரியை மறுபடி மாட்டினார்.

பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றியது. இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோயின. வடக்கத்திப் பையன்கள் ஓடிவந்து கை தட்டினார்கள். செல்லாத்தாள் பழனி இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி மருமகனைப் பார்த்தும் போட்டாள். அவர் பதறிப்போய் அவள் காலைத் தொட வந்தார். கையெல்லாம் டீசல். "சேலை, சேலை!" என்று அவள் பின்னால் நகர்ந்தாள்.

இருட்டின பிறகு வந்த கலைமகள், அம்மாவும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு காபி குடிப்பதைப் பார்த்தாள். லாரி கிளம்பியதைச் சொன்னார்கள். "அது கெடக்குது" என்றாள். "இது எப்பிருந்து?"

அன்றைக்கே மயில்சாமி அண்ணனுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பெரிய வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்கச் சித்திரை ஆகிவிட்டது. இப்போது அவர் வேலம்பாளையத்தில், செல்லாத்தாள் வீட்டில் கலைமகளோடு இருக்கிறார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் பிடித்து, சுற்றியிருக்கிற காலனிகளுக்கு அந்த லாரியில் கொண்டுபோய் ஊற்றுகிறார்.