இரண்டு புரதங்களுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர்

இரண்டு புரதங்கள் எந்த இடத்தில், எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று அளந்து பார்ப்பது என் தொழில். வீட்டில் ஒருத்தருக்கும் புரியாத வேலை பார்க்கிற சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டே, சென்னையில் பகுதி நேரமாக டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். எனக்கு ஆய்வுக்கூடமெல்லாம் கிடையாது. உலகத்தில் யார் யாரோ எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடித்த புரத உருவங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் பிழைப்பு.

ஒரு பிளாப்பி புரதம்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பாஸ்கரின் பிரவுசிங் சென்டர். போன் லைனில் வருகிற இணையம். முக்கால் பங்கு இறங்கியதும் துண்டித்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பிளாப்பியில் ஏற்றி எடுத்துப்போக நான் இறக்குவது படமல்ல. எந்த அணு எங்கே இருக்கிறது என்று வரிசை வரிசையாக எண்கள், ஆயிரக்கணக்கான வரிகள். ஒருநாள் பாஸ்கர் என் தோளுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

“மத்தவங்கல்லாம் பரீட்ச ரிசல்ட் பாக்க வராங்க. நீங்க வெறும் நம்பரா எடுத்துகினு போறீங்க. இத்த வச்சிகினு யாரு மேடம் பாஸ் ஆவறது?”

பாவும் இல்லை, ஊடையும் இல்லை

சென்னைக் கருத்தரங்கில் பேசி முடித்தேன். ஒரு பேராசிரியர் எழுந்து, “ஆரணியா நீங்க? அப்ப ஈசியா சொல்லிடலாமே, பாவும் ஊடையும் மாதிரின்னு” என்றார். ஆரணி என்றாலே பட்டுத்தறிதானே, அரங்கமே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், முழுப் புடவைக்கும் ஒரே மாதிரிதான் ஒன்றையொன்று கடந்து போகும். புரதங்கள் ஒட்டுகிற இடத்தில் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்காரும். நடுவில் தண்ணீருக்கு ஆகாத எண்ணெய்ப் பசைப் பகுதி, ஓரத்தில் தண்ணீரோடு ஒத்துப்போகிற பகுதி. ஒரு ஜோடி போல இன்னொரு ஜோடி இருக்காது. “அந்த மாதிரி இல்லை சார்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினேன். மரியாதை தெரியாதவள் என்று பெயர் வந்தது, வரட்டும்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் குமுறினேன். அவர் பட்டுத்தறி நெய்கிறவர். தறியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: “தறி தெரியாதவங்கதான் எதுக்கெடுத்தாலும் தறிய இழுத்துகினு வருவாங்க. நீ பேஜாராவாத, போய் சாப்டு.”

பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்

இது என் தப்பு, மறைக்க விரும்பவில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக வளர்க்க வேண்டும். படிகத்துக்குள் புரதங்கள் வரிசையாக அடைந்து நிற்கும். நெருக்கத்தில் பக்கத்திலிருப்பது மேலே படும். அது உறவல்ல, வெறும் இடிபாடு. உடம்புக்குள் அவை ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டுக்கொண்டிருக்கும் பரப்பும் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு ஜோடியை நிஜமான பிணைப்பு என்று நம்பி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்காமல் எண்களை மட்டும் படித்ததன் பலன். கட்டுரை கையில் கிடைத்தபோது, கரைசலில் இந்தப் புரதம் தனியாகவே திரியும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான என் கைடிடம் நானே போய்ச் சொன்னேன். பட்டியலில் இருந்த ஒவ்வொரு ஜோடியையும் மறுபடி சோதித்து, சந்தேகமானவற்றை எல்லாம் தூக்கினேன். ஒரு வருடம் போயிற்று. முதலில் போய்ச் சொன்ன அன்றைக்கே கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“போளூர் பஸ்ல பக்கத்துல நின்னவங்களை எல்லாம் சொந்தக்காரங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களேம்மா!”

கையெழுத்து

தப்பான ஜோடிகளை நீக்கிய கை, சரியானதையும் நீக்குமா? அதுதான் அடுத்த சண்டை.

ஒட்டும் இடத்தின் நடுப்பகுதி உலர்ந்திருக்கும் என்பது என் ஆய்வேட்டின் முடிவாக வரவேண்டும் என்று கைடுக்கு ஆசை. பெரும்பாலான ஜோடிகளில் அப்படித்தான் இருந்தது. சிலவற்றில் மட்டும் நட்டநடுவில் தண்ணீர் மூலக்கூறுகள், இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பலர் கணக்குப் போடுவதற்கு முன்பே தண்ணீரை மொத்தமாக நீக்கிவிடுவார்கள், அது ஒரு பழக்கம். நான் நீக்கவில்லை. எக்ஸ்ரே படத்தில் கறை தெரிந்தாலே தண்ணீர் என்று எழுதிவிடுகிறார்கள், அந்த ஜோடிகளை விட்டுவிடுங்கள் என்றார் கைடு. அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சந்தேகம் இருந்தால் சோதிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. என் பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குள் அவர் கையெழுத்தோடு ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஏழு வருட உழைப்பும் போச்சு. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

“தண்ணிய எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்.”

கடைசிக் கேள்வி

எடுக்கவில்லை. அதே ஜோடிகளை வேறு வேறு ஊர்க்காரர்கள், வேறு வேறு படிகத்தில் பார்த்த உருவங்களைத் தேடினேன். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு ஜோடியிலும் தண்ணீர் முன்பு இருந்த அதே இடத்தில் இருந்தது. மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தும் ஒரே இடத்தில் விழுகிற கறை உண்டா? பொருந்தாத இரண்டு ஜோடிகளை நானே நீக்கினேன். மீதியை அச்செடுத்து, கடைசி நாளுக்கு முதல் நாள் அவர் மேசைமேல் பரப்பினேன். “இதுக்கு மேல என்னால அழிக்க முடியாது சார். வேணாம்னா என் பதிவு போகட்டும்” என்றேன். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரிசோதகர் கடைசியாக அதே இடத்துக்கு வந்தார். இந்தத் தண்ணீர் ஜோடிகளை விட்டிருந்தால் முடிவு இன்னும் அழகாக வந்திருக்குமே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து என் கைடு எழுந்தார்.

“நானும் கேட்டுப் பாத்துட்டேன் சார். அந்தம்மா எடுக்க மாட்டாங்க. எடுக்கவும் கூடாது.”

பிடிவாதம் கெட்ட குணம் என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிவந்தவர்களில் ஒருவர்கூட, அதற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் கொடுப்பார்கள் என்று சொல்லவே இல்லை.