கரடிக்குள் இருந்தவர்

செருப்புக் கடை வாசலில் கோமாளி உடையில் நின்று, போகிறவர் வருகிறவரைக் கும்பிட்டு உள்ளே அழைப்பதுதான் அவருடைய பிழைப்பு. பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டி ஊருக்கு வந்தபோது, போட்டிச் சின்னமான கரடியின் வேஷத்தில் மைதானத்தைச் சுற்றி ஆட அவரைப் பிடித்துப் போட்டார்கள். "கோமாளி பொண்ணு" என்று பள்ளியில் மகள் கேட்ட பேச்சே போதும். அவளிடம், "அப்பாவுக்கு ஸ்டேடியத்துல சூப்பர்வைசர் வேலைம்மா" என்று சொல்லிவைத்தார். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

கரடித் தலைக்குள் மூச்சு முட்டும். அதன் வாய் ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க வழியில்லை.

காலிறுதியில் சொந்த நாட்டுப் பையன்கள் பாதி ஆட்டத்துக்குள் நான்கு கோல் வாங்கிவிட்டார்கள். கோல்கீப்பராக நின்ற பையன் கம்பத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். ஓரத்தில் நின்ற நிகழ்ச்சி மேனேஜர், "நீ பாட்டுக்கு ஆடுய்யா, கூட்டம் சோர்ந்துடக் கூடாது" என்று விரட்டினார். அவரும் இடுப்பை வளைத்து ஆடினார்.

"பசங்க மானம் போகுது, இதுக்கு ஆட்டம் ஒரு கேடா?" என்று மேலிருந்து ஒரு குரல். முதலில் காகிதக் குவளை வந்தது. பிறகு தண்ணீர் பாட்டில்கள். ஓடப் பார்த்தவர் கேமரா வயரில் கால் தட்டிக் குப்புற விழுந்தார். அன்று முழுக்கச் சிரிக்காத கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. தூக்கிவிட வந்த காவலர்களும் சிரிப்பு தாங்காமல் நின்றுவிட்டார்கள். எழப் போன நேரத்தில் நிறை பாட்டில் ஒன்று பிடரியில் இறங்கியது.

வீட்டில் அவர் குப்புறப் படுத்திருக்க, மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பையை வீசிவிட்டு ஓடிவந்தாள்.

"அப்பா, எங்க ஸ்கூல்ல மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க! அந்தக் கரடி இருக்குல்ல, நான் எறிஞ்ச பாட்டில் நேரா அது கழுத்துல. டீச்சரே கைதட்டினாங்க!"

மனைவியின் கை நின்றது. "ஏண்டி, உள்ள ஒரு மனுஷன் இருப்பான்ல?"

"இருந்தா என்ன? சம்பளம் வாங்குறான்ல?"

மனைவி வாயெடுக்கும்முன் அவர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு?"

"படியில வழுக்கிட்டேன்மா."

"நீங்கதானே சூப்பர்வைசர்? அந்தக் கரடியை வேலையை விட்டுத் தூக்கிடுங்கப்பா. நாம தோத்ததே அவன் மூஞ்சில முழிச்சுத்தான்."

"சொல்லிப் பாக்கறேன்."

அரையிறுதிக்கும் அவரே போனார். கழுத்து திரும்பவில்லை, உடம்பையே திருப்பித் திருப்பி ஆடினார். திரும்பி வந்ததும் மகள் விடவில்லை.

"தூக்கிட்டீங்களா?"

"தூக்கியாச்சு. இப்ப வேற ஆளு."

"அப்படிப் போடுங்க!" என்று அவர் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, அவள் விளையாடப் போனாள்.