பொபிக்குச் சோறு வைத்த கை

திரேசம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மீன் வெட்டுவது அவளுடைய வேலை. வேறு யாராவது கத்தியைத் தொட்டால் அவளுக்கு முகம் மாறிவிடும். கிணற்றடிக் கல்லில் வைத்து விளைமீனின் செதிளைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, தலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். முதுகுக்குப் பின்னால் பொபி நாடியை முன்கால்களில் வைத்துப் படுத்திருந்தது. தலை யாருக்கு என்று அதற்குத் தெரியும்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுப் போன வருடம் வந்த நாய் அது. குவாட்டர்ஸ் ஒன்றுக்குத் தையல் வேலைக்குப் போய்வந்த திரேசம்மாவின் கூடைக்குள் அந்த வீட்டுத் துரைசாணி குட்டியை வைத்துவிட்டு, பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறிவிட்டாள். திரேசம்மாவின் வீட்டுக்குள் வந்த சாமான்களில் அவளுக்கென்றே வந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தம்பி கிறிஸ்தோபருக்காக வந்தது. தாய் சாகும்போது அவன் அரைக்காற்சட்டைப் பையன். நிலாவெளிப் பக்கமிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். ‘தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்’ என்றாள். துறைமுக வேர்க்ஷொப்பில் தம்பிக்கு வேலை கிடைத்தது. நிலாவெளிக்காரன் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. கேட்டால், போன வருடத்து மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள்.

கிறிஸ்தோபர் முப்பத்தைந்து கடந்த பிறகுதான் கலியாணம் கட்டினான். பெண், கடலுக்கு அக்கரையிலுள்ள மூதூர். பெயர் அருள்மலர். ஆட்களை ஏற்றிவரும் மோட்டார்ப் படகான லோஞ்சில் வந்திறங்கியபோது ஒரு றங்குப்பெட்டியும் மூடி போட்ட ஓலைக்கூடை ஒன்றும் கொண்டுவந்தாள். கூடைக்குள் ராணி என்றொரு பூனை. சீதனத்தில் பூனையும் சேர்த்தியோ என்று திரேசம்மா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் சிரிக்கவில்லை.

“மச்சாள், ராணிக்கு ஒரு சின்னத் தலை தாறியளோ?”

அருள்மலர் குசினி வாசலில் கோப்பையோடு நின்றாள். திரேசம்மா நிமிராமலே ஒரு தலையைக் கல்லின் விளிம்புக்குத் தள்ளினாள். “எடும்.”

அருள்மலர் குனிந்து எடுக்க, பின்னாலேயே வந்த பூனை எட்டி அதை வாயில் கவ்வியது. அவ்வளவுதான். பொபி குரைக்கக்கூட இல்லை. ஒரே பாய்ச்சலில் பூனையை முதுகோடு பிடித்து உதறியது. அருள்மலர் வீரிட்டுக் கத்தினாள். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த கிறிஸ்தோபர் ஓடிவந்து, கிணற்றடி வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் வீசினான். பிடி விட்டது. பூனை வீட்டுக்குள் பாய்ந்து அலுமாரியின் உச்சியில் ஏறிக்கொண்டது. நிலமெல்லாம் சொட்டுச் சொட்டாக இரத்தம்.

திரேசம்மா பொபியின் கழுத்தைப் பிடித்து அமத்தினாள். நாய் நடுங்கியது. அவளுக்குள் ஏதோ ஒன்று, வெட்கமில்லாமல், நல்லாய்ச் செய்தாய் என்றது.

பின்னேரம் அருள்மலர் கதிரையில் ஏறி நின்று பூனையை இறக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் காயத்தில் பூசினாள். கிறிஸ்தோபர் பூனையின் கால்களைப் பிடித்துக்கொண்டான். திரேசம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் ‘டிஸ்பென்சறிக்குப் போங்கோவன் அக்கா’ என்று வாசலில் நின்று சொல்கிறவன், இப்போது நிலத்தில் முழங்காலிட்டிருந்தான்.

“நாயை மூதூருக்கு அனுப்புவம்,” என்றான். “மாமா வயல் காவலுக்கு ஒண்டு கேட்டவர். லோஞ்ச் ஓட்டுற ஸெய்னுதீன் ஏத்திக் கொண்டுபோய்க் குடுப்பான்.”

ஊரில் அது வழக்கம். வேண்டாத நாயைத் தரைவழியே எங்கே கொண்டுபோய் விட்டாலும் மோப்பம் பிடித்துத் திரும்பிவிடும்; கடல் தாண்டினால் வாசம் அறுந்துபோகும் என்பார்கள். லோஞ்சில் போன நாய் எதுவும் திரும்பியதாக யாரும் சொன்னதில்லை.

“பூனையும் லோஞ்சிலதானே வந்தது,” என்றாள் திரேசம்மா. “அதுக்கும் வழி தெரியும்தானே?”

“என்ன கதை கதைக்கிறியள் அக்கா? கடிச்சது ஆர்?”

“ஆரின்ர பங்கை ஆர் எடுத்தது எண்டும் கேளன்.”

கிறிஸ்தோபர் வாயைத் திறக்குமுன் அருள்மலர் இடையில் புகுந்தாள். “அனுப்ப வேண்டாம். எங்கட வீட்டில ஆடு, கோழி, பூனை எல்லாத்தோடயும்தான் நாய் நிண்டது. சோறு வைக்கிற ஆளின்ர மணம் ஏறிட்டுதெண்டால் அந்த ஆளின்ர சாமானில வாய் வைக்காது. கொஞ்ச நாளைக்கு நான் வைச்சுப் பாக்கிறன். ஓமோ மச்சாள்?”

திரேசம்மா அவளைப் பார்த்தாள். சண்டை பிடித்திருந்தாலாவது பரவாயில்லை, திருப்பிப் பேசலாம். இது என்ன சாமர்த்தியம்! நாயைக் காப்பாற்றுகிறேன் என்று நாயையே கேட்கிறாளே.

“வையுமன்,” என்றாள். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து பொபி முருங்கை மரத்தில் கட்டிக் கிடந்தது. பூனையை அறைக்குள் பூட்டினார்கள். பகல் முழுவதும் அருள்மலர் ஒரு பழைய சீலைத் துண்டைப் பூனையின் கீழ் விரித்து வைப்பாள். மாலையில் அதை எடுத்துவந்து நாயின் தட்டுக்குக் கீழே போடுவாள். பிறகு மீன் அவித்த தண்ணீரை விட்டுச் சோற்றைக் குழைப்பாள். அகப்பை பிடிக்கமாட்டாள். விரல்களுக்கிடையில் சோறு பிதுங்க, வெறுங்கையால், நன்றாக நேரமெடுத்துப் பிசைவாள். கையில் புது வளையல்; அதிலும் சோறு ஒட்டும். திரேசம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முதல் நாள் பொபி தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாளும் அப்படித்தான். அருள்மலர் மரத்தடியில் குந்தியிருந்து “பொபி, பொபி” என்று கெஞ்சினாள். நாய் அவளைத் தாண்டிக் குசினி யன்னலையே பார்த்தது.

திரேசம்மாவுக்கு அந்த நாட்களில் நல்ல பசி எடுத்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்ட நஜ்முன் நிஸா அதைக் கவனித்துவிட்டாள்.

“என்ன திரேசம்மாக்கா, ஒங்கட நாய் பட்டினி கெடக்கு, நீங்க பாட்டுப் படிக்கிறீங்க?”

“அதுக்கு ரோசம். கண்ட கையால தின்னாது.”

“ரோசமோ? எங்கட மாமிக்கும் இப்பிடித்தான் ரோசம். நான் ஆக்கினாத் தின்னமாட்டா. ஆனா மெலியவும் இல்ல. பொறகு பாத்தா, மக ஊட்டுல இருந்து புட்டு வந்திருக்கி!” நஜ்முன் நிஸா உடுப்பை உதறினாள். “ஒங்கட நாயும் மெலிஞ்ச மாதிரித் தெரியல்ல, அக்கா.”

திரேசம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மெலியாதுதான். பின்னேரம் அருள்மலர் முகம் கழுவப் போகிற நேரத்தில், முந்தானைக்குள் பேக்கரிப் பாணும் பொரித்த மீன் துண்டும் கொண்டுபோய் முருங்கையடியில் அவள்தான் கொடுத்துவந்தாள். நாய் அவளுடைய உள்ளங்கையை நக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் நாள் முழுவதும் காத்திருந்தாள். வேலை முடிந்து வரும் கிறிஸ்தோபர் முன்பெல்லாம் நேரே குசினிக்கு வந்து, அன்றைக்கு எந்தக் கப்பல் வந்தது, எந்த மேஸ்திரி யாரை ஏசினான் என்று அக்காவிடம் கதைப்பான். இப்போது படலையிலேயே “அருள்” என்ற சத்தம் கேட்கும். கதை அறைக்குள் போய்விடும். அங்கே அவனுடைய சாய்மனைக் கதிரையில் பூனை சுருண்டிருக்கும். எல்லாவற்றையும் பங்கு வைத்தாயிற்று. நாயையும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அருள்மலர் பூனையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நாயின் கண்ணில் படட்டும், தூரத்தில்தானே என்று நினைத்தாள். பொபி ஒரு இழுவை இழுத்தது. இற்றுப்போன கயிறு அறுந்தது. பூனை அவளுடைய தோளில் பிறாண்டி ஏறிக் கூரைக்குத் தாவியது. நாயின் பல்லில் சீலைத் தலைப்பு மாட்டி நீளத்துக்குக் கிழிந்தது. அருள்மலர் தடுமாறி முற்றத்து மணலில் விழுந்தாள்.

கிறிஸ்தோபர் அவளைத் தூக்கி நிறுத்தினான். தோளில் நகக் கீறல்கள் சிவந்திருந்தன. அவன் கத்தவில்லை. அதுதான் திரேசம்மாவைப் பயமுறுத்தியது.

“ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நாய் போகுது. ஸெய்னுதீனிட்ட முந்தியே சொல்லியாச்சு. இனி ஒருதரும் கதைக்க வேண்டாம்.”

அன்றிரவு திரேசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை தம்பி வேலைக்குப் போனதும் அறை வாசலில் போய் நின்றாள். அந்த அறைக்குள் கலியாணத்துக்குப் பிறகு அவள் காலடி வைத்ததில்லை. அருள்மலர் கட்டிலில் இருந்து கிழிந்த சீலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச தாரும், நான் தைக்கிறன்,” என்றாள் திரேசம்மா. சீலையை வாங்கிக்கொண்டு நின்றபடியே, “நாய்க்குப் பின்னேரம் நான் இனி ஒண்டும் குடுக்கமாட்டன்,” என்றாள்.

அருள்மலர் நிமிர்ந்து பார்த்தாள். “தெரியும் மச்சாள். முருங்கையடியில பாண் துண்டு கிடந்தது.”

“தம்பியிட்டச் சொன்னனீரோ?”

“அவரிட்டை என்னத்துக்கு?” ஊசியை நீட்டினாள். “ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் ஒரு வாயாவது என்ர கையால தின்னவைச்சால், அவரோட நான் கதைக்கிறன். உங்களுக்கு அதைவிட்டால் ஆர் இருக்கினம்?”

கடைசிச் சொல்லை அவள் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். திரேசம்மாவின் நெஞ்சில் அது மீன் முள்ளாகக் குத்தியது. தம்பியிடம் கோள் சொல்லியிருந்தால்கூட அவளை மனதார வெறுத்திருக்கலாம்.

பசி வந்தபோது பொபி தின்றது. முதலில் தட்டில், பிறகு கையில். திரேசம்மா யன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டாள். அவளைக் கண்டால் நாய் நிமிரும் என்று அருள்மலர் சொல்லியிருந்தாள். சாத்திய யன்னலுக்குப் பின்னால் நின்று, தட்டு மண்ணில் உரசும் சத்தத்தைக் கேட்டாள். அந்த ஞாயிறு லோஞ்ச் நாய் இல்லாமல் போனது. அடுத்த ஞாயிறும் போனது. பிறகு கிறிஸ்தோபரே அந்தப் பேச்சை விட்டான். கயிற்றை நீளமாக்கினார்கள், பிறகு அவிழ்த்தார்கள். ஒருநாள் ராணி வாலைத் தூக்கிக்கொண்டு நாயின் மூக்குக்கு முன்னால் நடந்து போனது. பொபி காதை மடக்கி, பெரிய மனுசன்போல முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது. கிறிஸ்தோபர் கைதட்டிச் சிரித்தான்.

“பாத்தியளே அக்கா, அருளின்ர நாயாயே மாறிட்டுது!”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்குப் பொபி குசினிப் படிக்கு வரவில்லை. அறை வாசலில், அருள்மலரின் செருப்பில் தலைவைத்துப் படுத்தது. திரேசம்மா கூப்பிட்டாள். நாய் வாலை இரண்டு தரம் நிலத்தில் அடித்தது. மரியாதைக்கு. எழும்பவில்லை. அது போகவில்லை என்பதற்காக அவள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருந்தாள். இங்கேதான் நிற்கிறது. கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது.

பொழுதுபட, அருள்மலர் குசினிக்குள் சோறு குழைத்தாள். விரல்களெல்லாம் மீன் தண்ணீர். நாய் அவளுடைய காலோடு ஒட்டி நின்றது. பூனை அடுப்படியில் இருந்தது. திரேசம்மா அரிசி புடைத்த சுளகைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள். அருள்மலர் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து அவளுக்கு முன்னால் நீட்டினாள்.

“மச்சாள், இண்டைக்கு நீங்கள் வையுங்கோவன். இனி ஒரு பிரச்சினையும் இல்லை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.”

நாய் தட்டைப் பார்த்தது. பிறகு தட்டைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தது.

“என்ன மச்சாள், வைக்கிறியளோ?”

திரேசம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். நாயைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் படாமல், குசினியை விட்டு வெளியே போனாள்.