தம்பியின் புல்தரை

கனடாவில் இருக்கும் என் தம்பி, தோட்டவெளிக் கிராமத்தில் கட்டிய தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னைக் குடியிருத்தினான். முற்றம் முழுக்கப் புல் பதித்திருந்தான்.

சாமான் தட்டுப்பாடு வந்த வருடம் சந்தையில் மரக்கறியே இல்லை. புல்லின் மேல் பழைய காட்போட் அட்டைப் பெட்டிகளை விரித்து, ஆட்டெருவையும் அடம்பன் ஊர் வயல்களின் வைக்கோலையும் தடிப்பாகப் பரப்பினேன். மண்ணைக் கொத்தவே இல்லை. கீழே புல் உக்கிப்போக, மேலே கத்தரியும் வெண்டியும் காய்த்தன. அயலுக்கும் கொடுத்தேன்.

கோயில் திருநாளுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு முற்றத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, பிள்ளையள் எங்க விளையாடுறது?"

"நீ இப்ப சாப்பிட்டது இதில காய்ச்சதுதான், தம்பி."

"அது சரி. ஆனா இது என்ர வீடல்லோ? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நான் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அடுத்த நாள் தம்பி கூப்பிட்ட ஆட்கள் வந்து பூவும் பிஞ்சுமாக எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். கறுத்து, மண்புழு நெளிந்த அந்த மண்ணின் மேல் புதுப் புல் பதித்தார்கள். பிள்ளைகள் சில பின்னேரங்கள் அதில் ஓடினார்கள். பிறகு எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள்.

அந்தப் புல்லுக்கு இன்றும் நான்தான் தண்ணீர் விடுகிறேன். தம்பி கேட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு "எங்கட வீடு" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.