செம்பனை வரிசையில் நின்ற பெட்டிகள்

பிள்ளைகளா, அப்பா சாயங்காலத்தில் வீட்டில் இருப்பது இப்போது உங்களுக்குப் பழகிப்போய்விட்டது. அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

ரவாங் சாஸ் தொழிற்சாலையில் நான் வெகுகாலம் நைட் ஷிப்ட். நீங்கள் பள்ளிவிட்டு வந்து குளிப்பதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். பகல் ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சாஸ் போத்தல் வந்து இறங்குவதிலிருந்து லோரியில் ஏறுவது வரை நடப்பதையெல்லாம் கணினியில் பெட்டி பெட்டியாக வரைந்து, அம்புக்குறி போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். படம் சரியாக இருந்தால் அந்த இடம் எனக்கு.

ஞாயிறு காலை பெரியவளின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் நான். திரையில் கணக்கு நோட்டு மாதிரி மெல்லிய கட்டங்கள். ஒரு பெட்டியை ஓரிடத்தில் வைத்தால் அது துள்ளி, பக்கத்துக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மவுஸ் கெட்டுவிட்டது என்று துடைத்துக்கூடப் பார்த்தேன். அப்புறம் எதையோ அழுத்தியதில் கட்டமே மறைந்தது. பெட்டிகளும் சொன்ன பேச்சு கேட்டன. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் என் மனசுக்குப் பிடித்தபடி நிறுத்திவிட்டேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் கணினியில் செய்வதுதானே உங்கள் அம்மாவின் வேலை. அன்று அரை நாள். வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்தாள்.

“என்னங்க இது, செம்பனைத் தோட்டமா?”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“ஒரு பெட்டிகூட இன்னொன்னுக்கு நேரா இல்லையே. அம்பெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு போவுது.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மேல் வரிசையின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உள்ள சந்துக்கு நேராகவே கீழ் வரிசைப் பெட்டியை வைத்திருந்தேன். சின்ன வயதில் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பனைக் கன்று நடக் கயிறு பிடித்தவன் நான். பக்கத்துப் பக்கத்துக் கன்றுகள் முக்கோணமாக நிற்க வேண்டும். அப்போதுதான் வளர்ந்த பிறகு மட்டைகள் ஒன்றையொன்று மறைக்காது. அதைச் சொன்னேன்.

“மரத்துக்கு வெயில் வேணும். பெட்டிக்கு எதுக்குங்க வெயிலு?” என்றாள். சின்னவன் கட்டிலில் புரண்டு சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நாளைக்குக் குடுக்கணும்லா. முழுக்க அழிக்கணுமா?”

“அழிக்க வேணாம், நகத்தினா போதும்.” கட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தாள். “கோடு இழுத்தா விட்டுடுங்க. நீங்க ஒரு பக்கம் இழுக்காதீங்க.”

அவள் சமைக்கப் போனாள். நான் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பெட்டி கோட்டில் ஒட்ட ஒட்ட, அம்பும் நிமிர்ந்தது. கீறல் விழுந்த போத்தல்களை ஒதுக்கும் பெட்டி மட்டும் அடங்கவில்லை. இரண்டு பக்கச் சோதனையிலிருந்தும் போத்தல் அங்கே வருவதால் அது நட்டநடுவில் நிற்க வேண்டும். அதுவோ இடப்பக்கம் தாவும், இல்லாவிட்டால் வலப்பக்கம் தாவும்.

கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் கொஞ்சம் யோசித்து, கட்டத்தின் அளவைப் பாதியாக்கினாள். “இப்ப வைங்க.”

வைத்தேன். மேலே இரண்டு சோதனைப் பெட்டிகளுக்கும் இடையில் உள்ள சந்துக்கு நேராக, நடுவில் போய் ஒட்டிக்கொண்டது.

“உங்க தோட்டத்துக்கும் ஒரு மரம் வச்சாச்சு,” என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜர் மேல் பெட்டியில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். நடுவில் நின்ற பெட்டியில் விரல் நின்றது. பிறகு தலையாட்டிவிட்டு லோரி வரை போனார். யார் சொல்லிக் கொடுத்தது என்று மலாயில் கேட்டார். என் மனைவி என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை அவளிடம் இன்னும் சரியாகச் சொன்னதில்லை. இதைப் படிக்கட்டும்.

பகல் ஷிப்டின் முதல் நாள், பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன். சின்னவன் பதறிவிட்டான். “அப்பா, பஸ்ஸ விட்டுட்டீங்களா?”

“விட்டாச்சு,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. “நாலு தட்டு எடுத்து வைடா.”