ஞானம் சிஸ்டர் கேட்ட குளியலறை

செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியில் ஒரு பிளாட்டின் குளியலறையை அளந்துகொண்டிருந்தேன். சித்தூரிலிருந்து ஷோபா அக்காவின் அழைப்பு வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றதால் எடுக்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோது மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். “சிஸ்டர் போயிட்டாங்கடி” என்றார். உள்ளே வந்து மீதிச் சுவர்களையும் அளந்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பேருந்து சந்திரகிரியைத் தாண்டிய பிறகுதான் குறிப்பைப் பார்த்தேன். ஒரே சுவரை இரண்டு முறை எழுதியிருந்தேன்.

ஞானம் சிஸ்டரை நம் சபையில் தெரியாதவர்கள் இல்லை. உங்களில் பாதிப்பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து ஆண்டு நர்ஸ் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகள் ஷோபா அக்காதான் துணை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நான் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரியின் மகள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். திருப்பதியில், வீடுகளின் உள்வேலைக்குப் படம் வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஹாஸ்டல் வாசம், சனிக்கிழமைதான் சித்தூருக்கு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எப்போதும்போல யாரோடும் பேசாமல் நழுவப் பார்த்தேன். சிஸ்டர் வாக்கரைக் குறுக்கே வைத்து மறித்தார். என் குளியலறையை மாற்றிக் கட்ட வேண்டும், நீ வரைந்து கொடு, உன் அப்பா கட்டட்டும் என்றார். ஷோபா அக்காதான் குளிப்பாட்டுகிறார்களே என்று கேட்டேன். “நான் எத்தினி பேரைக் குளிப்பாட்டியிருப்பேன் பாப்பா. எல்லாரும் மூஞ்சை சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாங்க. எனக்கு அந்தச் சுவத்தைப் பார்க்க வேணாம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து கலர்ப் படங்களை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்பு, கூரையிலிருந்து மழைபோல விழும் ஷவர். சிஸ்டர் மூக்குக்கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இதுல எதுலயும் யாரும் குளிச்ச மாதிரி தெரியலையே” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு பழைய குளியலறைக்குள் ஷோபா அக்கா பிடித்துக்கொள்ள ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கையை வாளியில் நனைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறதோ அங்கே சுவரில் பதித்தார். அந்த ஈரம் காய்வதற்குள் நான் பென்சிலால் சுற்றி வரைய வேண்டும். மூன்று இடங்களில் மூன்று கைகள். பிடித்து எழுந்திருக்கிற கம்பிகள் அங்கேதான் வர வேண்டும் என்றார்.

ஷோபா அக்கா பூப்போட்ட பளபள டைல்ஸ் கேட்டார். சிஸ்டர் ஒரு மாதிரித் துண்டை வரவழைத்து, தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, என்னைச் செருப்புக்காலால் தேய்க்கச் சொன்னார். நான் வழுக்கி அலமாரியில் இடித்துக்கொண்டேன். “பூ இருக்கட்டும். வேற செடியில பாரு” என்றார் ஷோபா அக்காவிடம்.

கடைசியாகக் கால். வலது காலைத் தன்னால் முடிந்த மட்டும் தூக்கினார். நான் கீழே குனிந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. பழைய வாசலில் ஆறு அங்குலப் படி இருந்தது. படமே வேண்டாம், அந்தப் படி போனால் போதும் என்றார். படியில்லாமல், தண்ணீர் எதிர்மூலைக்கு ஓடும்படி வாட்டம் வைத்து வரைந்து, அப்பாவிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் அப்பா வேலை செய்தார். முடிந்த சனிக்கிழமை பேருந்தை விட்டு இறங்கி நேராக அங்கே போனேன். கம்பிகள் கை வரைந்த இடத்தில் இருந்தன. கதவு வெளிப்பக்கம் திறந்தது. ஆனால் வாசலில், நான் வரையாத ஒரு தடுப்புக் கட்டை இரண்டு அங்குல உயரத்துக்கு இருந்தது. அதன்மேல் கறுப்புக் கிரானைட் பட்டை. வேறொரு வீட்டு வேலையில் மிஞ்சியதைப் பத்திரமாக வைத்திருந்து அப்பா சிஸ்டருக்காகப் போட்டிருந்தார். “கட்டை இல்லாம வுட்டா தண்ணி ஹால்ல வந்து நிக்கும்மா. முப்பது வருசமா பார்த்துக்கினு வரேன்” என்றார். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, “மத்ததெல்லாம் எம்பொண்ணு போட்ட பிளானு” என்றார். அப்பா ஐந்தாவது தாண்டாதவர். அவர் முகம் அன்றுபோல் மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் தலையாட்டினேன். சிஸ்டர் வாக்கரோடு வந்து கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “பாகுந்தி மேஸ்திரி, கல்லு நல்லாருக்கு” என்றார்.

அவ்வளவுதான். நான் திருப்பதிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வந்தேன், அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வாரம் ஞாயிறு, ஆலய வாசலில் ஷோபா அக்கா செருப்பு மாட்டிக்கொண்டே, குறையாகச் சொல்லாமல் சும்மா சொல்வதுபோல, “இப்ப நான் குளிப்பாட்டறப்ப சிஸ்டர் சுவத்தைப் பார்த்துக்கினுதான் உக்கார்றாங்க” என்றார்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன். “நைனா, சிஸ்டர் காலு அரை இஞ்சுதான் தூக்கும்” என்றேன்.

அப்பா ஸ்கேலையே பார்த்தார். “அன்னிக்கே சொல்றதுக்கு என்னாம்மா?”

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதவர். சிஸ்டர் வீட்டுக்குப் போய்க் கட்டையை உடைத்து, நான்கு வரிசை டைல்ஸைப் பெயர்த்து, மறுபடி வாட்டம் பிடித்தார். நான் சரிவு பார்க்கும் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூச்சு காய்ந்த பிறகு ஒரு வாளி ஊற்றிப் பார்த்தோம். கொஞ்சம் ஹாலுக்கு வந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். “வரட்டும் மேஸ்திரி, துடைச்சிக்கலாம்” என்றார் சிஸ்டர். நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். “உங்கப்பா மூஞ்சைப் பார்த்தேன். நீயும் அதைத்தானே பார்த்தே” என்றார்.

அவர் முதல்முறை தனியாகக் குளித்த சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். உள்ளே சொம்புச் சத்தம். நிற்கும், மறுபடி கேட்கும். ஒரு மணி நேரம் ஆனது. ஷோபா அக்கா பொறுக்காமல் கதவைத் தட்டினார். “உயிரோடதான் இருக்கேன். போய் காப்பி போடு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

செவ்வாயன்று நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி இருக்கும். அப்பா குளியலறை வாசலில், தான் உடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். சபைப் பெண்கள் உடலைக் குளிப்பாட்ட வெந்நீரோடு வந்தார்கள். ஷோபா அக்கா அவர்களைத் தடுத்தார். “காலைல அவங்களே குளிச்சாங்க. தலைக்கும் ஊத்திக்கினாங்க. வந்து கட்டில்ல உக்காந்து ஜடை போட்டாங்க, அப்பறம்தான்” என்றார். பெண்கள் பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். வயதில் மூத்தவர் மட்டும் துணியை நனைத்து முகத்தையும் பாதங்களையும் துடைத்தார். ஜடையின் நுனி இன்னும் ஈரமாக இருந்தது.

தனியாகக் குளிக்க அவருக்கு ஐந்து வாரம் கிடைத்தது. நான் வாய் திறந்திருந்தால் ஏழு வாரம் கிடைத்திருக்கும். நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்ல நினைவுகளைச் சொல்கிறீர்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வாரம்தான். இப்போது படத்தில் குளியலறை வாசலை வரைந்ததும், வேலை நடக்கிற இடத்துக்கு நானே போய் நிற்கிறேன். கட்டை எழும்பியிருந்தால் மேஸ்திரியிடம் சொல்கிறேன். குரல் இன்னும் சின்னதாகத்தான் வருகிறது. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.