சுயம்புவின் மூன்றாவது குவியல்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே தாராவியில் தோல்பைக் கார்கானா போட்டேன். இன்று நாற்பத்திரண்டு தையல் மிஷின் ஓடுகிறது. ஒன்பது வருடமாக நம் தமிழ்ச் சங்கத்துக்கும் நான்தான் தலைவர். பொங்கல் மலருக்குப் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் சுந்தரராமன் கேட்டார். பெரிய மனிதர் என்றால் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதைப் போன மலரிலேயே எழுதியாகிவிட்டது. ஆகவே இந்தத் தடவை என்னிடம் வேலை பார்க்கும் சுயம்புவை எழுதுகிறேன்.

சுயம்புவுக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். பத்தொன்பது வயதில் பம்பாய் வந்து, டிராம்பேயில் ஒரு கேண்டீனில் தட்டுக் கழுவி, பிறகு என்னிடம் வந்து சேர்ந்தான். குடியிருப்பு இன்றும் டிராம்பேயில்தான். இருபத்தாறு வருடமாகச் செக்கிங் மேஜை அவனுடையது. தைத்து முடித்த பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, ஜிப்பை மூன்று தடவை திறந்து மூடுவான். எல்லாக் கார்கானாவிலும் அந்த மேஜையில் இரண்டு குவியல்தான் இருக்கும். ஒன்று சரி, மற்றது கழிவு. இவன் சேர்ந்த முதல் நாளே மூன்றாவதாக ஒன்று போட்டான். ஒரு பையில் கைப்பிடி மட்டும் கோணலாக இருந்தால் அந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, "இதை மட்டும் பிரிச்சுத் தையுங்க" என்று தனியாக வைப்பான். சாயங்காலம் பார்த்தால் அந்தக் குவியல்தான் மலை மாதிரி நிற்கும். கழிவு பாதியாகக் குறைந்தது. இந்த யோசனை என் கார்கானாவில் பிறந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இடத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பைகளோடு அவன் நிறுத்தியிருந்தால் எனக்குக் கஷ்டமில்லை. டீ நேரத்தில் நான் பேப்பரைத் தட்டி, "இந்த ஆட்சி நல்லதா கெட்டதா, சொல்லுலே" என்பேன்.

"எந்த விஷயத்துல கேக்கீங்க அண்ணாச்சி?"

"மொத்தத்துலதான்."

"மொத்தமாப் பாக்க எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க, பாத்துச் சொல்லுதேன்."

இப்படிப் பேசுகிறவனோடு எப்படி அரசியல் பேசுவது? டீதான் ஆறிப்போகும். கல்யாணத்திலும் அவன் அப்படித்தான். மனைவி ரோசம்மா மாதா கோயிலுக்குப் போகிறவள், இவன் செவ்வாய்க்கிழமை பிள்ளையாரைக் கும்பிடுகிறவன். "பிள்ளைகள் எந்தப் பக்கம்?" என்று ஒருமுறை கேட்டேன். "கிறிஸ்துமஸ் கேக்குக்கு ரெண்டும் அந்தப் பக்கம், கொழுக்கட்டைக்கு ரெண்டும் இந்தப் பக்கம்" என்றான்.

என் வழி வேறு. எனக்கு ஆள் என்றால் இரண்டு வகைதான்: நம்ம ஆள், மற்ற ஆள். இப்படிப் பார்த்துத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

போன பொங்கல் விழாவில் ஸ்டெர்லின் என்கிற இளைஞன் தன் நடனக் கோஷ்டியோடு வந்து ஏழு ஆட்டம் ஆடினான். ஏழும் ஹிந்திப் பாட்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த விழா நெருங்கியதும் சுந்தரராமனை உட்கார வைத்து நான்கு வரித் தீர்மானம் எழுத வைத்தேன். ஒன்று, மேடை அறிவிப்பு தமிழில் மட்டும். இரண்டு, ஹிந்திப் பாட்டு கிடையாது. மூன்று, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மேடை கிடையாது. நான்கு, இதை எதிர்க்கிற உறுப்பினர் சங்கத்தை விட்டு நீக்கப்படுவார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. தீர்மானம் தோற்றால் தலைவர் பதவியை விட்டுவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சுயம்புவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். எட்டாவது படித்தவன், மெதுவாக வாசித்தான்.

"முதல் வரி நல்லாயிருக்கு அண்ணாச்சி. மத்ததைப் பிரிச்சுப் பாக்கணும்."

"பிரிக்கதுக்கு இதென்னலே பையா? நாளைக்குக் கை தூக்கு. இதுக்குக் கை தூக்காட்டி திங்கக்கிழமை வேலைக்கு வராதே."

ஐம்பத்தெட்டு வயதில், கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாதவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பொதுக்குழுவுக்குத் தொலைவில் இருக்கும் கோபர்கைரனே, சான்பாடாவிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. ஸ்டெர்லின் முதலில் எழுந்தான்.

"அங்கிள், ஜமானா மாறிப்போச்சு. ரூல் போட்டா ஒரு பையனும் வரமாட்டான். ஃபுல் ஃப்ரீடம் குடுங்க. இல்லேன்னா ஸ்டேஜ்ல நீங்களே ஆடிக்கோங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். இவனை ஒரே அடியில் உட்கார வைக்க என்னிடம் ஆயுதம் இருந்தது. என் பேத்தி சுஜா, வயது பதினான்கு. போன விழாவில் தமிழின் பெருமை பற்றி அவள் பேசியபோது பெரிய பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் இரண்டு தடவை துடைத்தேன். "தீர்மானத்தை என் பேத்தி வாசிப்பா. இந்த ஊர்ல பிறந்த பிள்ளைதான், கேளுங்க" என்று அவளைக் கூப்பிட்டேன்.

சுயம்பு என் சட்டையை இழுத்தான். "அண்ணாச்சி, பாப்பா வேண்டாம். செயலாளர் சார் வாசிக்கட்டும்."

எனக்கு எதிராக ஏதோ சூழ்ச்சி என்று நினைத்து அவன் கையைத் தட்டிவிட்டேன்.

சுஜா காகிதத்தை வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு மைக் முன்னால் என்னைக் கேட்டாள்: "தாத்தா, ஹிந்தில எழுதின காப்பி இல்லையா?"

"எதுக்கும்மா ஹிந்தி?"

"போன வருஷம் அம்மா தமிழ்ப் பேச்சை ஹிந்தி எழுத்துல எழுதிக் குடுத்தாங்கல்ல. அதைப் பாத்துதான் பேசினேன்."

ஸ்டெர்லின் உட்கார்ந்தபடியே, "மூணாவது ரூல், அங்கிள். பேத்திக்கு ஸ்டேஜ் கட்" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. சுஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. 

சுயம்பு எழுந்து போய் அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினான்.

"சிரிக்கதை நிறுத்துங்க. எனக்கு இது போன வருஷமே தெரியும், மைக் பக்கத்துலதான் நின்னேன். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல. அது குறைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பேசினது தமிழ். நீங்க அழுததும் நெசம். ஒரு குறைக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடுவீங்களா?"

"கரெக்ட் அங்கிள்" என்றான் ஸ்டெர்லின்.

"நீ இரு தம்பி, உனக்கும் இருக்கு. உங்க ஆட்டம் நல்லாயிருந்துது, நானும் விசில் அடிச்சேன். ஆனா ஏழு ஆட்டத்துல நாலுக்கு ஒரே பாட்டு. ரெண்டு பஸ் மாறி வந்த வயசாளிங்க, இது பொங்கலா கல்யாண ஊர்வலமான்னு என்னைக் கேட்டாங்க. அவங்களுக்கு என்ன பதில் வச்சிருக்கே?"

ஸ்டெர்லின் கூரையைப் பார்த்தான்.

சுயம்பு சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தான். காகிதத்தில் அது சரியாக எழுதவில்லை. சுந்தரராமன் பேனாவை நீட்டினார். முதல் வரியை அவன் தொடவில்லை. இரண்டாவதில் வட்டம் போட்டு, ஒரு ஹிந்திப் பாட்டு ஆடுகிற கோஷ்டி ஒரு தமிழ்ப் பாட்டும் ஆட வேண்டும் என்றான். மூன்றாவதில் வட்டம் போட்டு, பிள்ளையை மேடையை விட்டு இறக்க வேண்டாம், ஞாயிறுதோறும் வாசிக்கச் சொல்லித் தருவோம் என்றான்.

"நாலாவதை எப்படித் திருத்தறது, சுயம்பு?" என்று சுந்தரராமன் கேட்டார்.

"அதுல தைக்கதுக்கு ஒண்ணுமில்ல சார். அது கழிவு."

சபையில் எல்லாக் கையும் உயர்ந்தது. ஸ்டெர்லின் கை, சுயம்பு கை, கடைசியில் என் கையும். ஞாயிறு வகுப்புக்கு என் கார்கானாவையே தருகிறேன் என்று அங்கேயே அறிவித்தேன். கைதட்டல் எனக்குத்தான் அதிகம். பதவியும் தப்பியது.

திங்கட்கிழமை செக்கிங் மேஜை காலியாக இருந்தது. ஒன்பதரை மணி வரை பொறுத்தேன். நான் யாருக்கும் முதலில் போன் பண்ணுகிறவனில்லை. இருந்தாலும் பண்ணினேன்.

"ஏம்லே வரல?"

"நீங்கதான அண்ணாச்சி வராதேன்னீங்க."

"நீதான் கை தூக்கிட்டியே."

"அது திருத்தின தீர்மானத்துக்கு. உங்க தீர்மானத்துக்கு நான் தூக்கலையே."

இந்த மனுஷனை என்ன செய்வது? "சரி, பேச்சை விடு. வேலைக்கு வா" என்றேன்.

"உங்களுக்குக் கோவம் போயிட்டுதா?"

முழுதும் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவனிடம் அப்படிச் சொல்ல வரவில்லை.

"பாதி இருக்கு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. டிராம்பே பஸ் ஸ்டாப்புலதான் நிக்கேன். பஸ் வந்துட்டுது, ஏறுதேன்."